அழிப்பானுக்கு எதிராக

போட்டோஷாப்பில் லேயர் மெனுவைத் திறந்து கீழே போனால் ‘ஃப்ளாட்டன் இமேஜ்’ என்று ஒரு கட்டளை இருக்கும். ஆறு மணி நேரம் உட்கார்ந்து நீங்கள் அடுக்கடுக்காகச் செய்த வேலையை அது ஒரே தாளாக அரைத்துத் தட்டிவிடும். எது கேமரா பதிவு செய்தது, எது நீங்கள் சேர்த்தது, எதை மறைத்தீர்கள், எங்கே எவ்வளவு வெளிச்சம் கூட்டினீர்கள் என்ற விவரமெல்லாம் ஒரே சொடுக்கில் காலி. கையில் மிஞ்சுவது படம் மட்டும்.

இந்தக் கட்டுரை அந்தக் கட்டளையை யோசிக்காமல் அமுக்குகிற நம் பழக்கத்துக்கு எதிரானது. மெனுவில் அது இருக்கட்டும், அச்சகத்துக்கு அனுப்பும்போது தேவைப்படும். ஆனால் ‘கடைசியில் வருவதுதானே படம், நடுவில் நடந்ததெல்லாம் எதுக்கு?’ என்ற மனப்பான்மை போட்டோஷாப்பைத் தாண்டி, வீட்டுச் சுவரில் மாட்டும் படம்வரை வந்துவிட்டது. அதோடுதான் எனக்குச் சண்டை.

முதலில் ஒரு போலிச் சண்டையை ஒதுக்கிவிடுகிறேன். ‘எடிட் பண்ணாத படம்தான் உண்மையான படம்’ என்று சொல்கிற ஒரு கூட்டம் உண்டு. ‘நோ ஃபில்டர்’ என்று போட்டுக்கொள்வார்கள். அவர்களிடம் கேட்க ஒரே கேள்விதான்: உங்கள் போன் கொடுத்த ஜேபெக் யார் எடிட் பண்ணியது? சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் இவற்றில் ஏதோ ஒன்றைத்தான் அளக்கிறது. மீதி இரண்டையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து மென்பொருள் ஊகிக்கிறது. பிறகு வெண்மைச் சமன் செய்கிறது, இரைச்சலைத் துடைக்கிறது, விளிம்புகளைக் கூர்மையாக்குகிறது, கடைசியில் சுருக்கி வைக்கிறது. நீங்கள் ‘அசல்’ என்று பதிவேற்றுவது ஏற்கெனவே நாலு கை மாறியது. எனவே எடிட் செய்வதா வேண்டாமா என்பது கேள்வியே இல்லை. செய்ததிலிருந்து திரும்பி வர வழி வைத்திருக்கிறீர்களா என்பதுதான் கேள்வி.

1

லேயர் என்பதைப் பலரும் ஒரு வசதி என்றே நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு நிலைப்பாடு. கீழே இருப்பதைத் தொடமாட்டேன், சொல்லவேண்டியதை மேலே தனித்தாளில் எழுதுவேன் என்கிற நிலைப்பாடு.

யோசனை பழையது. 1910களிலேயே கார்ட்டூன் படம் செய்தவர்கள் பின்னணியை ஒரு தாளிலும் ஆடுகிற உருவத்தைக் கண்ணாடி போன்ற செல்லுலாய்டு தாளிலும் வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார்கள். ஆனால் கணினியில் படம் திருத்துகிறவர்களுக்கு இது உடனே கிடைத்துவிடவில்லை. போட்டோஷாப்பின் முதல் பதிப்பு வந்தது 1990இல். லேயர்கள் வந்தது 1994இல், மூன்றாம் பதிப்பில். அதுவரை ஒரு படத்தில் இன்னொன்றைக் கொண்டுவந்து வைத்தால், தேர்வை விட்ட மறுகணம் அது கீழே இருந்த படத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரிக்கவே முடியாது. வெளிச்சம், நிறம் போன்ற திருத்தங்களையும் தனி அடுக்காக வைக்கும் வசதி 1996இல் வந்தது. பல படிகள் பின்னோக்கிப் போகும் ஹிஸ்டரி 1998இல்தான் வந்தது. இலவச மென்பொருளான ஜிம்ப்பில் ஃபில்டர்களைப் படத்தோடு கரைக்காமல், பிற்பாடு மாற்றும்படி வைத்துக்கொள்ள 2025இல் வந்த 3.0 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அழிக்காமல் திருத்துவது எவ்வளவு மெதுவாகக் கைவந்த விஷயம் என்பதற்காக இந்த வருடங்களைச் சொல்கிறேன்.

அழித்துத் திருத்தினால் என்ன நஷ்டம்? கணக்காகவே பார்ப்போம். சாதாரண 8 பிட் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரைதான் மதிப்பு. ஒரு வெள்ளைச் சேலையின் மடிப்பில் அடுத்தடுத்த இரண்டு புள்ளிகள் 240, 250 என்று வைத்துக்கொள்ளுங்கள். படத்தின் வெளிச்சத்தை 30 கூட்டுகிறீர்கள். 270, 280 ஆகவேண்டும், ஆனால் 255க்கு மேல் இடமில்லை. இரண்டுமே 255. ‘ஐயோ, ஓவரா போச்சு’ என்று சேமித்த படத்தைத் திறந்து மறுபடி 30 குறைக்கிறீர்கள். இரண்டுமே 225. கூட்டியதைக் கழித்தாயிற்று, பள்ளிக்கூடக் கணக்குப்படி பழைய இடத்துக்கு வந்திருக்கவேண்டும். ஆனால் அந்த இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே இருந்த வித்தியாசம், அதாவது அந்த மடிப்பு, போயே போச்சு. இனி எந்தப் பொத்தானும் அதைத் திருப்பித் தராது. திருப்பித் தருவதாகச் சொல்கிற பொத்தான் கற்பனை செய்கிறது.

அதே 30ஐ மேலே ஒரு அட்ஜஸ்ட்மென்ட் லேயராக வைத்திருந்தால்? கீழே 240, 250 அப்படியேதான் இருக்கும். லேயரின் கண்ணை மூடினால் மடிப்பு திரும்ப வந்து நிற்கும். அழிப்பானுக்கும் மாஸ்க்குக்கும் உள்ள வேறுபாடும் இதுவே. அழிப்பானால் தேய்த்த இடம் இல்லாமல் போகிறது. மாஸ்க்கில் கறுப்பு பூசிய இடம் மறைகிறது. நாளைக்கே வெள்ளை பூசினால் எழுந்து வரும். இரண்டுமே திரையில் ஒரே மாதிரிதான் தெரியும், அங்கேதான் வினை. பார்வைக்கு ஒன்றாக இருப்பதால் ஒன்றுதான் என்று நினைத்துவிடுகிறோம்.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம். கிட் இல்லாமல் யாரும் இன்று நாலு வரி கோடு எழுதமாட்டோம். யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்று தெரியாத நிரலைக் கையில் கொடுத்தால் கொதித்துப்போவோம். அதே நாம், வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, தாத்தாவின் ஒரே ஒரு புகைப்படத்தை ஒரு ஆப்பில் போட்டு, வந்ததைச் சேமித்துவிட்டுப் பழையதை டெலீட் செய்கிறோம்.

2

தமிழ் வாசகருக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை என்பது என் கட்சி. நம்மிடம் இதற்குச் சொற்களே உண்டு: பாடபேதம், இடைச்செருகல், மிகைப்பாடல்.

உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். கிடைத்த ஏடுகளில் 267, 268ஆம் பாடல்கள் இல்லை. வேறு பல பாடல்களில் அடிகள் சிதைந்திருந்தன. யாப்பு தெரிந்த ஒருவருக்கு அந்த இடங்களை நிரப்புவது எவ்வளவு சுலபம்! சீர் தெரியும், துறை தெரியும், அக்கம்பக்கத்துப் பாடல்கள் தெரியும். அவரைவிடச் சிறந்த ‘மாடல்’ அன்றைக்கு யார்? நிரப்பியிருந்தால் நமக்குக் கண்டுபிடிக்கவே தெரிந்திருக்காது. ஆனால் இன்றும் புறநானூற்றைத் திறந்தால் அந்த எண்கள் காலியாகத்தான் கிடக்கின்றன. சிதைந்த இடங்களில் புள்ளிகள் நிற்கின்றன. ஏட்டுக்கு ஏடு மாறியிருந்த பாடங்கள் பக்கத்தின் அடியில் பேதங்களாக நிற்கின்றன. மேலே பதிப்பாசிரியரின் முடிவு, கீழே அவர் தேர்வுசெய்யாத சாத்தியங்கள். அவர் முடிவு தவறென்று நினைத்தால் நூறு வருடம் கழித்தும் நீங்கள் வேறு பாடத்தைக் கொள்ளலாம். லேயர் பேனல் வேறென்ன?

கம்பராமாயணம் இன்னும் நல்ல உதாரணம். காலப்போக்கில் யார் யாரோ பாடல் எழுதிக் கம்பனுக்குள் செருகினார்கள். செருகியவர்கள் ‘இது என்னுடையது’ என்று எழுதிவைக்கவில்லை. ஏடு பெயர்த்து எழுதும்போது கம்பனோடு கம்பனாகக் கலந்துவிட்டார்கள். ஃப்ளாட்டன் செய்துவிட்டார்கள் என்று சொன்னால் என்ன தப்பு? பின்னால் வந்த பதிப்பாசிரியர்களுக்குப் பல வருட உழைப்பு அந்த அடுக்குகளைத் திரும்பப் பிரிப்பதிலேயே போனது. பிரித்தெடுத்ததை அவர்கள் கிழித்துப்போடவில்லை என்பதுதான் அழகு. ‘மிகைப் பாடல்கள்’ என்று தலைப்பிட்டுத் தனியாக அச்சிட்டார்கள். ஐயத்துக்குரியதும் இருக்கட்டும், ஆனால் தன் பெயரோடு, தன் இடத்தில் இருக்கட்டும் என்றார்கள்.

இத்தாலியில் ஓவியங்களைச் செப்பனிடுகிறவர்களும் வேறு வழியாக இதே இடத்துக்கு வந்தார்கள். செசாரே பிராண்டி 1963இல் வெளியிட்ட மறுசீரமைப்புக் கோட்பாட்டு நூல் இன்றும் அத்துறையில் அடிப்படை நூல். உதிர்ந்துபோன இடத்தை மெல்லிய செங்குத்துக் கோடுகளால் நிரப்பும் முறை ஒன்று அந்தப் பள்ளியில் உருவானது. தள்ளி நின்று பார்த்தால் ஓவியம் முழுமையாகத் தெரியும். கிட்டே போனால் கோடுகள் தெரியும்: இது பிற்காலக் கை. தேவைப்பட்டால் மூல வண்ணத்துக்குச் சேதமில்லாமல் அதை நீக்கவும் முடியவேண்டும். பார்ப்பவரின் கண்ணுக்கு முழுமை, ஆராய்பவருக்கு உண்மை. இரண்டையும் ஒரே படத்தில் தரமுடியும் என்று அவர்கள் காட்டியிருக்கிறார்கள்.

3

இப்போது நம் வீட்டுக்கு வருவோம்.

என் அப்பாவின் ஆச்சிக்கு இருந்தது ஒரே புகைப்படம். திருநெல்வேலிப் பக்கத்து ஸ்டூடியோ ஒன்றில் எடுத்தது. காது வளர்த்து, பாம்படம் போட்டு, கேமராவை ஒருவித சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருப்பாள். ஓரமெல்லாம் பூச்சி அரித்திருந்தது. நாலு வருடத்துக்கு முன் சித்தப்பா அதைப் போனில் படம்பிடித்து, டவுனில் ஒரு கடையில் கொடுத்து ‘கிளியர்’ பண்ணி, கலராக்கி, பெரிதாக லேமினேட் செய்து மாட்டினார். பழைய அட்டை அந்த வருடப் போகியோடு போனது.

புதிய படத்தில் ஆச்சிக்கு வழவழப்பான தோல். அளவான காதுமடல். பாம்படம் இருந்த இடத்தில் இப்போது நகைக்கடை விளம்பரத்தில் வரும் ஜிமிக்கி. அந்த மென்பொருள் பார்த்த லட்சக்கணக்கான முகங்களில் தோள்வரை தொங்கும் காதுமடல் இருந்திருக்க வாய்ப்பு குறைவு. அதனால் அதைச் சேதம் என்று எடுத்துக்கொண்டு ‘சரி’செய்துவிட்டது. பூச்சி அரித்ததும் காது வளர்த்ததும் அதற்கு ஒரே வகைப் பழுது.

சித்தப்பாவிடம் கேட்டேன். “என்னல, நல்லாத்தான இருக்கு? பழசப் பாத்தா மூஞ்சியே தெரியாது” என்றார்.

நல்லாத்தான் இருக்கு. அதுதான் பிரச்சினை. அசிங்கமாக வந்திருந்தால் யாராவது கேள்வி கேட்டிருப்பார்கள், பழையதைப் பத்திரப்படுத்தியிருப்பார்கள். அழகாக வந்ததால் அசலுக்கு வேலையில்லாமல் போயிற்று. நான் சித்தப்பாவைக் குற்றம் சொல்லவில்லை. ஆச்சியின் முகம் சுவரில் தெரியவேண்டும் என்று ஆசைப்பட்டவர் அவர் ஒருவர்தான். என் கோபமெல்லாம் ‘முன்’, ‘பின்’ என்று இரண்டு படத்தைக் காட்டி, நடுவில் என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை சொல்லாத கருவிகள்மேல். அந்தக் கருவிக்குள் கணக்கு எல்லாம் இருக்கிறது. எந்தப் புள்ளியை அப்படியே விட்டது, எதைப் புதிதாக வரைந்தது என்பதை ஒரு மாஸ்க்காகக் கொடுப்பது பொறியியல்ரீதியாகப் பெரிய காரியமே இல்லை. உள்ளே போன படம் இது, வெளியே வந்த படம் இது, கழித்துப் பார்த்தால் முடிந்தது. கொடுப்பதில்லை, ஏனென்றால் மாயம் கலைந்துவிடும்.

நிறம் பூசுவது இதைவிட மோசம். கறுப்பு வெள்ளையில் ஒரு சாம்பல் மதிப்புக்குப் பின்னால் எத்தனையோ நிறங்கள் இருந்திருக்கலாம். போதாததற்கு, பழைய தகடுகளும் ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிம்களும் சிவப்பைக் கிட்டத்தட்டப் பார்க்கவே பார்க்காது. செக்கச்செவேல் என்ற சேலை அதில் கறுப்பாக விழும். குங்குமம் கறுப்புப் பொட்டாக விழும். மாநிறம் இன்னும் கறுத்துத் தெரியும். இது தெரியாத மென்பொருள் கறுப்புச் சேலை, கறுப்புப் பொட்டு என்று நம்பி மேலே கட்டுகிறது. அல்லது தோலை அதற்குப் பழக்கமான நிறத்துக்கு வெளுத்துவிடுகிறது. பாரதிக்கு எஞ்சியிருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய புகைப்படங்கள். அவற்றையும் வண்ணமாக்கி, கண் சிமிட்ட வைத்து, சிரிக்க வைத்து ஒவ்வொரு செப்டம்பரிலும் டிசம்பரிலும் பகிர்கிறோம். பகிர்கிறவர்களில் பாதிப்பேர் இலக்கிய வாசகர்கள். ஒரு கவிதையில் ஒற்று மாறினால் சண்டைக்கு வருகிறவர்கள், முகம் மாறியதற்கு ஹார்ட்டின் போடுகிறார்கள்.

4

எதிர்வாதங்கள் தெரியும். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

‘பழைய ஸ்டூடியோக்காரர்கள் டச்சப் பண்ணவில்லையா?’ பண்ணினார்கள். நெகட்டிவின்மேல் மருந்து தடவி, கூர்சீவிய பென்சிலால் அம்மைத் தழும்பை மறைத்தார்கள், கன்னத்தை நிரப்பினார்கள். அழகான கைவேலை அது. ஆனால் பென்சில் நெகட்டிவின்மேல் இருந்தது. வெள்ளிப் படிவம் கீழே அப்படியே இருந்தது. அவர்களுக்கு லேயர் என்ற சொல் தெரியாது, ஆனால் அவர்கள் செய்தது கிட்டத்தட்ட அதுவே.

‘லேயர்தானே பொய்ப் படங்களுக்கே வழி? ஒருவர் தலையை இன்னொருவர் உடம்பில் வைப்பது அதனால்தானே?’ இது கனமான வாதம், தள்ளிவிட முடியாது. ஒட்டுவேலையை லேயர்கள் எளிதாக்கியது உண்மைதான். ஆனால் பொய் எந்த நொடியில் பொய்யாகிறது என்று யோசியுங்கள். அடுக்குகளோடு இருக்கும் கோப்பு தன் ஒட்டுவேலையைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். அதைத் தட்டையாக்கி ‘இதுதான் நடந்தது’ என்று வெளியிடும்போதுதான் அது பொய். 2006இல் பெய்ரூட் குண்டுவீச்சுப் படத்தில் புகையை நகலெடுத்து அடர்த்தியாக்கியிருந்தது தெரியவந்ததும், ராய்ட்டர்ஸ் அந்தப் புகைப்படக்காரரின் 920 படங்களையும் தன் தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டது. இரண்டே படத்தில்தான் குற்றம் காட்டப்பட்டது. ஆனால் மற்றவற்றை இனி எதைக்கொண்டு நம்புவது?

நேரெதிர் உதாரணமும் உண்டு. 2013இல் உலகப் பத்திரிகைப் புகைப்பட விருதைப் பால் ஹான்சனின் காஸா இறுதி ஊர்வலப் படம் வென்றது. பல படங்களை ஒட்டிச் செய்த போலி என்று சில மாதங்களில் குற்றச்சாட்டு கிளம்பியது. அவர் செய்தது எளிய காரியம். ரா கோப்பைக் கொடுத்தார். வல்லுநர்கள் வெளியான படத்தோடு அதை ஒப்பிட்டார்கள். ஒளியும் நிறமும் திருத்தப்பட்டிருக்கின்றன, ஆனால் ஒட்டுவேலை இல்லை என்று முடிவானது. கீழடுக்கை வைத்திருந்ததால் அவரும் தப்பினார், அந்தப் படத்தில் இருந்த இரண்டு குழந்தைகளின் மரணமும் சந்தேகத்திலிருந்து தப்பியது. கீழடுக்கு இல்லாமல் இருந்திருந்தால் இன்றுவரை யாராவது ஒருவர் ‘அது ஃபேக்காமே’ என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

‘ஃபைல் சைஸ் தாங்காது.’ ஜேபெக்கில் லேயர்கள் நிற்காது, பிஎஸ்டி நூற்றுக்கணக்கான எம்பி ஆகும். வாஸ்தவம். ஆனால் அழிக்காத திருத்தத்துக்குப் பெரிய கோப்பு கட்டாயமில்லை. 2007இல் வந்த லைட்ரூம் அசலைத் தொடுவதே இல்லை. வெளிச்சம் இவ்வளவு, வெட்டு இங்கே என்று குறிப்புகளை மட்டும் எழுதிவைக்கிறது. அந்தக் குறிப்பு சில கேபிதான். இன்றைய போன்களின் கேலரிகள் பலவும் ‘அசலுக்குத் திரும்பு’ என்று ஒரு வழி வைத்திருப்பதும் இந்த முறையில்தான். நாம் காலைவணக்கப் படங்களுக்குக் கொடுக்கிற இடத்தில் பத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

‘சாதாரண மக்களுக்கு இதெல்லாம் எதுக்கு, நிபுணர்கள் சமாச்சாரம்.’ எனக்கு எரிச்சல் தருவது இந்த வாதம்தான். விளம்பர நிறுவனம் தன் சோப்புப் படத்துக்கு எல்லா அடுக்குகளையும் பத்திரமாக வைத்திருக்கிறது. அந்தப் படம் போனால் மறுநாள் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு படமாக வாழ்ந்து முடிந்தவர்கள் சாதாரண மக்கள்தான். திரும்ப எடுக்கமுடியாதவர்களுக்குத்தான் அழிக்காத முறை அதிகம் தேவை.

5

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய்? பெரிதாக ஒன்றுமில்லை.

பழைய படத்தை முடிந்தால் ஸ்கேனரில், 600 டிபிஐக்குக் குறையாமல், டிஃப் கோப்பாக எடுத்து வையுங்கள். கறையும் கிழிசலும் சேர்ந்தே வரட்டும். பின்பக்கம் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் எடுங்கள். அந்தக் கோப்பின்மேல் எப்போதும் சேமிக்காதீர்கள். ஜிம்ப், கிரிட்டா இரண்டும் இலவசம். கீழடுக்கைப் பூட்டிவிட்டு, கீறல் நீக்குவதை ஒரு லேயரிலும் ஒளித் திருத்தத்தை இன்னொன்றிலும் வையுங்கள். நிறம் பூசியே ஆகவேண்டும் என்றால் தனி லேயரில், ‘கலர்’ என்ற கலப்பு முறையில் பூசுங்கள். கீழே இருக்கும் ஒளியும் நிழலும் அப்படியே நிற்கும். செயற்கை நுண்ணறிவு வரைந்து கொடுத்த பகுதி வேண்டுமா? அதுவும் ஒரு லேயராக வரட்டும், ‘ஊகம்’ என்ற பெயரோடு. எல்லா லேயருக்கும் பெயர் வையுங்கள். ‘லேயர் 1 காப்பி 3’ என்று இருந்தால் பத்து வருடம் கழித்துத் திறக்கிறவர் உங்களைத் திட்டுவார்.

படம் செப்பனிட்டுத் தரும் கடைகளிடம் அசலின் ஸ்கேனையும் கேளுங்கள். தரவில்லையென்றால் வேறு கடை பாருங்கள். எழுத்தாளர்களின் படத்தை வெளியிடும் இதழ்களும் பதிப்பகங்களும் ‘வண்ணமூட்டப்பட்டது’ என்று ஒரு வரி சேர்ப்பதற்குச் செலவு எதுவும் ஆகாது. அசலை எங்கே பார்க்கலாம் என்று சொன்னால் இன்னும் நல்லது. அடுத்தமுறை பாரதி கண்சிமிட்டும் வீடியோ வந்தால், பகிரும் முன்னால் அதன் கீழடுக்கைத் தேடி அதையும் சேர்த்துப் போடுங்கள்.

புறநானூற்றின் 267ஆம் பாட்டு இருக்கவேண்டிய இடம் இன்னும் காலியாக இருக்கிறது. காலியாக இருப்பதால்தான், என்றைக்காவது எங்காவது ஒரு பழைய ஏடு கிடைத்தால் அந்தப் பாட்டு வந்து உட்கார ஒரு இடம் இருக்கும். நம் கையில் இருக்கும் படங்களிலும் அப்படிச் சில இடங்கள் உண்டு. அவற்றை நிரப்ப ஆசையாக இருந்தால் மேலே ஒரு தாளைப் போட்டு நிரப்புங்கள். கீழே கைவைக்காதீர்கள்.